தெருவை அளந்த நாத்தனார்

செல்லூரில் எங்கள் தறி வீட்டின் கீற்றுக் கூரையைப் பிரித்து, சுவர் எழுப்பி ஓடு போட நினைத்தோம். கொத்தனார் நீள அகலம் அளந்து, செங்கல், சுண்ணாம்பு, ஓடு, ஆள்கூலி எல்லாம் சேர்த்து எஸ்டிமேட் சொன்னார். நினைத்ததைவிடக் குறைவு. எனக்கு ஒரே சந்தோஷம்.

என் நாத்தனார் பேச்சியம்மாள் மட்டும் விடவில்லை. “வீட்டை அளந்தீக, சரி. தெருவை யாரு அளந்தா? விடிஞ்சா தெரு நெடுகத் தறிக்கான பாவு நூல் இழுத்துக் கட்டிக் கெடக்கும். வண்டி எப்பிடி உள்ள வரும்?” என்றாள். தலைச்சுமைக் கூலியையும் தார்ப்பாய் வாடகையையும் சேர்க்கச் சொன்னாள்.

“இம்புட்டுச் செலவு எதுக்குத்தா?” என்று சலித்துக்கொண்டேன்.

“எஸ்டிமேட்டுல இல்லாட்டி நம்ம தலையில விழும், மதினி.”

சுண்ணாம்பு வந்த காலையில் வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. வானம் கறுத்தது. சுட்ட சுண்ணாம்பில் மழை பட்டால் கொதித்துப் புகையும், வண்டியே தீப்பிடிக்கும். பேச்சியம்மாள் வாடகைக்கு எடுத்து வைத்திருந்த தார்ப்பாயை இழுத்து வண்டியை மூடினாள். அவள் முன்பே சொல்லிவைத்திருந்த பெண்கள், பாவுக்கு அடியில் குனிந்து குனிந்து கூடை சுமந்தார்கள். கடைசிக் கூடை வீட்டுக்குள் நுழையவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

இப்போதெல்லாம் எங்கள் தெருவுக்கு யார் எஸ்டிமேட் சொல்ல வந்தாலும், முதலில் தெருமுனைக்குக் கூட்டிப்போய் அங்கிருந்து நடக்கவைக்கிறேன். போன வாரம் பக்கத்து வீட்டுக்கு வந்த அதே கொத்தனார், அளவுக் கயிற்றை மடியிலிருந்து எடுக்கவே இல்லை.

“பேச்சியம்மாவ ஒரு எட்டு வரச் சொல்லுங்க தாயி. அவுக தெருவை அளக்கட்டும். பெறகு நான் வீட்டை அளக்குறேன்” என்று என்னிடம் சொன்னார்.