முப்பத்திரண்டு கம்பிகளும் ஒரு பித்தளைப் பூட்டும்

முதன்முதலாகப் பூட்டுத் திறக்கும் கருவிகள் வாங்கியபோது எண்ணிக்கையைப் பார்த்து வாங்கினேன். அதுதான் நான் செய்த தப்பு. முப்பத்திரண்டு கம்பிகள், அவற்றைச் செருகிவைக்க ஒரு கறுப்பு உறை, பழகிப் பார்க்க உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிற ஒரு பிளாஸ்டிக் பூட்டு. இத்தனை கையில் இருந்தால் எதைத்தான் திறக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு, போனில் விரலை அழுத்திவிட்டேன்.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. கரியாலூருக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர் வேலை. வீடு கள்ளக்குறிச்சியில். தினமும் காலையில் மலைக்குப் பேருந்து, சாயந்திரம் இறக்கம். கச்சிராயபாளையம் தாண்டி வண்டி வளைவுகளில் ஏறத் தொடங்கினால் போனில் சிக்னல் போய்விடும். அதனால் முதல்நாளே எதையாவது இறக்கி வைத்துக்கொண்டு பார்ப்பேன். அப்படித்தான் ஒரு வீடியோ அகப்பட்டது. ஒரு ஆள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டே கம்பிகளால் ஒரு பூட்டைத் திறக்கிறார். வேகமாக ஒன்றும் செய்யவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு, விரலால் எதையோ கேட்பதுபோல இருந்தது. வண்டி மலை ஏறி முடிப்பதற்குள் அதை ஆறு தடவை பார்த்தேன். எனக்கு இது வரும் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டால், இருபது வருடமாக மாத்திரை எண்ணுகிற விரல்கள், அவ்வளவுதான்.

பார்சல் வந்த அன்று என் கணவர்தான் பிரித்தார். பைபாஸ் பக்கம் ஒரு பட்டறையில் டிராக்டர் மெக்கானிக். ஆயிரம் கருவி பார்த்தவர். உறையை விரித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா இது, பல்லு டாக்டரு சாமானா?"

"பூட்டு தொறக்கறதுங்க."

"யாரு வூட்டுப் பூட்டு?"

"நம்ம பூட்டுதான். வெளையாட்டுக்கு."

"வெளையாட்டா! போலீஸ்காரன் வந்து கேட்டாலும் இதையே சொல்லு" என்று சொல்லி ஒரு கம்பியை எடுத்து நகத்தால் சுண்டினார். அது வளைந்து, வளைந்தபடியே நின்றது. "இரும்பு சரியில்ல" என்று உறைக்குள் திரும்பச் செருகினார்.

அவர் சொன்னது எனக்குப் பொறாமைபோலப் பட்டது. ஏனென்றால் அந்த பிளாஸ்டிக் பூட்டை அன்றைக்கே திறந்துவிட்டேன். பூட்டின் வாயில் ஒரு கம்பியைச் செருகி லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதை நான் முறுக்குக் கம்பி என்று சொல்வேன். இன்னொரு கம்பியால் உள்ளே வரிசையாக நிற்கும் குட்டிக் குட்டிப் பின்களை ஒவ்வொன்றாக மேலே தள்ள வேண்டும். எல்லாம் சரியான உயரத்தில் நின்றால் பூட்டு திரும்பும். கண்ணுக்குத் தெரிகிற பின்னைத் தள்ளுவதற்கு என்ன சாமர்த்தியம் வேண்டும்? ஆனால் எனக்கு அப்போது அது தெரியவில்லை. வீடு முழுக்க ராணி மாதிரி நடந்தேன்.

அடுத்து நிஜப் பூட்டு. எங்கள் வீட்டு மாடிக் கதவில் கிடந்த கனமான இரும்புப் பூட்டை எடுத்துக்கொண்டேன். சாவி இருந்தது, வேறு பூட்டைக் கதவில் மாட்டிவிட்டேன். மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போய் வந்ததும் உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பேன். முப்பத்திரண்டு கம்பிகளையும் மாற்றி மாற்றிப் போட்டேன். வரிசையாக நிற்க வேண்டிய பின் ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. உள்ளே தகடு தகடாக ஏதோ அசைந்தது. கைப்பிடியின் ஓரம் கூராக இருந்ததால் கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. நான்கு கம்பிகள் நெளிந்தன, ஒன்று ஒடிந்தது.

கடைசியில் என் கணவர் அந்தப் பூட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இதுல ஏழு லீவர்னு போட்டுக்கீதே, நீ பாக்கலியா?"

பார்த்திருந்தேன். பெருமைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று விட்டுவிட்டேன். அவர் அதைப் பட்டறைக்கு எடுத்துப்போய் நடுவில் அறுத்துக்கொண்டு வந்தார். உள்ளே பின்னும் இல்லை, ஸ்பிரிங்கும் நான் நினைத்த மாதிரி இல்லை. ஏழு பித்தளைத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. சாவி அந்தத் தகடுகளைத் தூக்கினால்தான் தாழ் நகரும். அதற்குத் தேவையான கருவியே வேறு. நான் வாங்கிய முப்பத்திரண்டில் ஒன்றுகூட அந்தப் பூட்டுக்கு ஆகாது. நம் ஊர்க் கதவுகளில் தொங்குவதில் பாதிக்குமேல் அந்த வகை என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. சுகாதார நிலையத்துக்கு வருகிறவர்களில் சிலர் சீட்டைக்கூட நீட்டாமல், "அந்தச் செவப்பு மாத்தர குடுங்கம்மா, பக்கத்து வூட்டு அம்மாவுக்கு அதான் கேட்டுச்சு" என்பார்கள். எதற்கு என்று கேட்காமல் தரமாட்டேன். சண்டை போட்டாலும் தரமாட்டேன். அப்படிப்பட்ட நான், எந்தப் பூட்டு என்று பார்க்காமல் கம்பி வாங்கியிருக்கிறேன்.

அதற்கப்புறம் ஒழுங்காகச் செய்தேன். ஹார்டுவேர் கடைக்குப் போய்ச் சின்னப் பித்தளைப் பூட்டு, பின் வைத்தது, ஒன்று கேட்டேன். கடைக்காரர் எடுத்துப்போட்ட பூட்டுகளின் வாயை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "பூட்டுல இன்னாம்மா தேடறீங்க?" என்றார். "தொவாரம் எவ்ளோ அகலம்னு பாக்கறங்க" என்றேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

வாங்கிவந்த பூட்டின் துவாரம் குறுகலானது, பாம்புபோல நெளிந்தது. உறையில் இருந்த கம்பிகளில் பெரும்பாலானவை தடிமனால் உள்ளேயே போகவில்லை. எனவே இரண்டாவது முறை மூன்றே மூன்று வாங்கினேன். நுனி கொஞ்சமாக வளைந்த மெல்லிய கொக்கி ஒன்று. அதைவிடச் சற்று உயரமான கொக்கி ஒன்று. அலையலையாக வெட்டிய கம்பி ஒன்று. நல்ல எஃகு, வளைத்தால் திரும்பி நிமிர்ந்துகொள்ளும். கைப்பிடி வழவழப்பாக இருந்தது. இன்றுவரை அதில் முதல் கொக்கிதான் என் கையில் பாதி நேரம் இருக்கிறது.

முறுக்குக் கம்பி மட்டும் சரியாக அமையவில்லை. எல்லாமே அகலமாக இருந்து, கொக்கி போகிற வழியை அடைத்தன. அதற்கு என் கணவர்தான் வழி சொன்னார். பட்டறையில் ஒரு வேனுக்குக் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மாற்றியிருக்கிறார். பழைய ரப்பருக்குள் நீளமாக இரண்டு எஃகுத் துண்டுகள் இருந்தன. உருவிக்கொண்டு வந்து, "இத்தப் பாரு, ஜாஸ்தி தடிமனும் இல்ல, கம்மியும் இல்ல" என்றார். அளவாக நறுக்கி, நுனியை அடுப்பில் காட்டி வளைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். கடையில் வாங்கியதைவிட அது நன்றாக இருந்தது. பல் டாக்டர் என்று சொன்ன மனுஷன், அரை மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தார்.

அடுத்த ஞாயிறு பித்தளைப் பூட்டு திறந்தது. ரொம்ப நாளாக முறுக்குக் கம்பியை அளவுக்குமேல் அழுத்திக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு இலையின் கனத்துக்கு விரலை வைத்தேன். மூன்றாவது பின் முதலில் பிடித்தது, அப்புறம் முதலாவது, கடைசியில் இரண்டாவது. 'டிக்' என்று வளையம் எகிறியது. நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு அம்மா ஓடிவந்து, "இன்னாச்சு, யாருக்கு இன்னாச்சு?" என்றார்.

எனக்கு இரண்டு சட்டங்கள் வைத்துக்கொண்டேன். என்னுடையதல்லாத பூட்டை, உடையவர் கேட்காமல் தொடக்கூடாது. தினம் பயன்படுகிற பூட்டைத் தொடக்கூடாது. வேலையிடத்தில் மருந்து அலமாரிப் பூட்டு என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் தொங்கும். விரல் துறுதுறுக்கும். இன்றுவரை சாவி தவிர வேறொன்று அதற்குள் போனதில்லை.

எதிர்வீட்டு அம்மா மூலமாகச் செய்தி பரவியது. அது மணலூர்பேட்டைவரை போய்விட்டது. அங்கே என் சின்னம்மா மகன் இருக்கிறான், கரும்பு வைத்திருக்கிறான். சித்தப்பா தவறி நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை காலையில், பைக்கின் பின்னால் ஒரு தகரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். பெட்டியைக் கூடத்தில் இறக்கினான். அதில் ஒரு பித்தளைப் பூட்டு. பார்த்ததும் தெரிந்தது, பின் வைத்தது, என் கொக்கிக்கு வழிவிடும்.

"அப்பா பெட்டிக்கா. சாவியக் காணோம். நெலத்துப் பட்டா இதுலதான் கீது."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

அவன் பெட்டி கட்டிய கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். அவன் தங்கை சின்னசேலத்தில் கட்டிக்கொடுத்தவள். சாவியை அண்ணன்தான் ஒளித்து வைத்திருக்கிறான் என்று அவளும், அவள்தான் எடுத்துப்போனாள் என்று இவனும் சாவு வீட்டிலேயே சண்டை போட்டவர்கள்.

"அவகிட்ட சொல்லிட்டு, அவளும் பக்கத்துல நிக்கறப்போ தொறக்கறேன்" என்றேன்.

"அக்கா, ஒடைக்கணும்னா சுத்தியால ரெண்டு தட்டு தட்ட எனக்குத் தெரியாதா? ஒடைச்சா அவ கேப்பா. நீ தொறந்தா தடயமே இருக்காதுன்னாங்க. தொறந்து பாத்துட்டு மூடிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

என் கணவர் கண்ணால் ஜாடை காட்டினார், உறவு கெட்டுவிடும் என்று. எனக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கணத்தில் எனக்குக் கொஞ்சமும் குழப்பம் இல்லை. தடயம் இல்லாமல் திறக்க முடியும் என்பதில்தான் எனக்குப் பெருமை. அதே காரணத்துக்காகத்தான் இதை நான் திறக்கக்கூடாது.

"அப்போ எதுக்குக்கா இதெல்லாம் வாங்கி வச்சிக்கினு கீற?" என்றான். பெட்டியைத் தூக்கித் திரும்பவும் பைக்கில் கட்டினான். வைத்த காபியைக் குடிக்கவில்லை. அதன்பின் மூன்று மாதம் போன் இல்லை. நானும் அவன் வந்ததைப் பற்றித் தங்கையிடம் மூச்சு விடவில்லை.

அவனே ஒருநாள் கூப்பிட்டான். "அவளயும் வரச் சொல்லிக்கீறேன். நீயும் வந்துடுக்கா." குரலில் கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை.

மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் நான்கு கம்பிகளைப் போட்டுக்கொண்டு மணலூர்பேட்டை போனேன். முப்பத்திரண்டு கொண்ட உறை வீட்டில் தூங்கியது. மத்தியான வெயில். கூடத்து வாசலருகே பெட்டியை இழுத்துப்போட்டு, இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் என் கையைப் பார்த்தார்கள்.

எளிதில் வரவில்லை. நான்கு பின்கள் நின்றுவிட்டன, ஐந்தாவது உள்ளே ஆழத்தில் துருவோடு ஒட்டியிருந்தது. சின்னக் கொக்கி எட்டவில்லை. உயரமான கொக்கிக்கு மாற்றினேன். பிடி நழுவி எல்லாம் விழுந்தது. மறுபடி முதலிலிருந்து. தங்கை, "வரலன்னா வுட்டுடுக்கா, கஷ்டப்படாத" என்றாள். "வரும்" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுக் காத்திருந்து மூன்றாவது முறை தொட்டபோது ஐந்தாவது பின் அசைந்து கொடுத்தது. பூட்டு திரும்பியது.

மூடியை நான் தூக்கவில்லை. அவர்கள் இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்கினார்கள். மேலே சித்தப்பாவின் வேட்டிகள், அதற்குக் கீழே எக்ஸ்ரே உறைகள், பழைய ரேஷன் கார்டுகள், ஒரு பைபிள். பைபிளுக்குள் பட்டா இருந்தது. அதன் அடியில் ஒரு நூலில் கோத்த சாவி. தங்கை எடுத்துப் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்தாள். அதே பூட்டின் சாவி.

"சாவியப் பெட்டிக்குள்ள வச்சிட்டு, அப்படியே பூட்ட அமுக்கிக்கீறாரு!" என்றான் அவன். அவன்தான் முதலில் சிரித்தான். தங்கை சிரித்துக்கொண்டே அழுதாள். "உன்னப் போயி சொன்னனே" என்று அண்ணனின் தோளில் அடித்தாள். "நானும்தான் சொன்னேன்" என்றான் அவன்.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். பட்டா சித்தப்பா பேரில்தான் இருந்தது, மாற்ற வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் எனக்கு வேலையில்லை. பத்து நாள் கழித்து, நான் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள். இருவரும் ஒரே பைக்கில் தாலுகா ஆபீஸுக்குப் போனார்களாம். போகிற வழியெல்லாம் நிலத்தில் யாருக்கு எந்தப் பக்கம் என்று சண்டை. திரும்பும்போது நிறுத்தி டீ குடித்தார்களாம். "இன்னும் முடியலக்கா, நாளைக்கும் போவணும்" என்றாள். "போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன்.