அடுத்தவங்க வாங்க

வாழைப்பழத்தைக் கரண்டியால் மசிப்பதில் அக்காவுக்கு நம்பிக்கை கிடையாது. மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ஐந்து விரலையும் உள்ளே விட்டுப் பிசைகிறார். "கைக்குத் தெரியிறது கரண்டிக்குத் தெரியாது" என்கிறார். அதிலேயே அடித்த முட்டையையும் பாலையும் ஊற்றுகிறார். பட்டைத்தூள், துளி உப்பு, கொஞ்சம் பேக்கிங் பவுடர், கை நிறைய உலர்திராட்சை. கடைசியில் ஓட்ஸைக் கொட்டிக் கிளறி, வெண்ணெய் தடவிய ட்ரேயில் பரப்பி, மேலே ஆப்பிள் வில்லைகளை அடுக்கி, ஓவன் கதவைச் சாத்துகிறார். அதற்கப்புறம் யாராவது அந்தக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் தொலைந்தார்கள். "தூங்குற குழந்தைய எழுப்புவீங்களா? வேகட்டும், போங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் குடியிருப்பின் படிக்கட்டு முழுக்கப் பட்டை மணக்கும். ஆளுக்கொரு கிண்ணத்தோடு இரண்டாவது மாடியில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போவோம். ஓட்ஸ் என்றாலே எனக்கு டாக்டர் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். நாக்குக்கு ஆகாததை உடம்புக்கு ஆகும் என்று சொல்லித் தலையில் கட்டுகிறார்கள் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். இப்போது முதல் ஆளாய்ப் போய் நிற்கிறேன். விமரிசனம் வேறு, பசி வேறு.

மற்ற நாட்களில் அக்காவுக்குப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. கவுன்ட்டர் அக்கா என்றால்தான் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடியில் இருக்கிற ஓட்டை சற்றுத் தாழ்வு. அதன் வழியாகப் பேசிப் பேசி அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றுவிட்டது. சொந்தச் சமையலறையிலும் அப்படிச் சாய்ந்துதான் பேசுவார். கிண்ணத்தை நீட்டினால், "பெரியவங்க ரெண்டா? சின்னவங்க உண்டா?" என்று கேட்பார். கீழ்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு முறுகலான ஓரத் துண்டின் மேல்தான் கண். "ஜன்னல் ஓரமா ஒண்ணு போடும்மா" என்பார். "ஓரமெல்லாம் புக் ஆயிடுச்சு சார். நடுவுலதான் இருக்கு, போறீங்களா?" என்று அக்கா முகத்தை மாற்றாமல் கேட்பார்.

ஒருவருக்கு வைத்து முடித்ததும், தலையை நிமிர்த்தாமலே "அடுத்தவங்க வாங்க" என்பார். கவுன்ட்டரில் ஊறிப்போன வாய். "தூக்கத்துலயும் இதேதான் சொல்றா" என்று அவர் தங்கை சொல்லிச் சிரித்ததை நானே கேட்டிருக்கிறேன்.

அந்தச் சிரிப்பு நின்றுபோனது இந்தச் சொல்லால்தான்.

தங்கை, கல்யாண வாழ்க்கை சரிப்படாமல் ஒரே ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவர். வந்த நாளிலிருந்து முட்டை அடிப்பது அவர் வேலை. பரிமாறும்போது மேஜைக்கு உட்புறம், அக்காவின் தோளை இடித்துக்கொண்டு நிற்பார். சமீபத்தில் எதிர் வீடு காலியானது. "எத்தனை நாளைக்குத்தான் உன் முதுகுல தொங்குறது?" என்று சொல்லி, தங்கை அங்கே குடிபோனார். அக்காவுக்கு அதில் இஷ்டமில்லை. இருந்தும் கட்டிலின் ஒரு முனையைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் ஞாயிறு. தங்கை முதன்முறையாக எங்களைப் போலக் கிண்ணத்தோடு வரிசையில் நின்றார். உள்ளே போவதா வெளியே நிற்பதா என்று அவருக்கே தெரியவில்லை போலும். அக்காவின் கண் ட்ரேயில் இருந்தது.

"அடுத்தவங்க வாங்க."

கிண்ணம் நீளவில்லை. அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா. நேத்துலேர்ந்து நான் அடுத்தவதானே" என்றார் தங்கை. குரல் உயரவே இல்லை. திரும்பிப் போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

வரிசையில் அடுத்து நிற்பவரும் அடுத்தவர், ஒட்டும் உறவும் இல்லாதவரும் அடுத்தவர். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த புண்ணியவானை அன்றைக்கு மனதாரத் திட்டினேன். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். இங்கே கொட்டியவருக்குக் கொட்டியதே தெரியாது.

"நான் க்யூவைத்தான்டி சொன்னேன்" என்று அக்கா மூடிய கதவிடம் ஒரு முறை சொன்னார். அக்காவுக்கும் ரோஷம் கொஞ்சநஞ்சமல்ல. அதற்குமேல் கதவைத் தட்டவில்லை. ஞாயிறுதோறும் ஒரு துண்டை மூடி, என் கையில் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார். அதுவும் ஓரத் துண்டு. வாத்தியார் பெருமூச்சு விடுவார். எதிர்வீட்டுக் கதவு பாதி திறக்கும். "பசியில்ல. அக்காவுக்கு ரொம்ப தேங்க்ஸ்னு சொல்லுங்க." துண்டு போன மாதிரியே திரும்பி வரும்.

"தேங்க்ஸா? தேங்க்ஸ்னா சொன்னா?" என்று அக்கா என்னைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். கூடப் பிறந்தவளிடமிருந்து வந்த அந்த மரியாதைதான் அவரை உலுக்கிவிட்டது. துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார். "அவ சாப்பிடாட்டி போகட்டும், தம்பி. எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான். இந்த அக்காவே வேணாம்னு வெச்சுட்டாளோன்னு பயமா இருக்கு" என்றார்.

கவுன்ட்டரில் அந்தச் சொல் இல்லாமல் முடியாது. வீட்டில் மட்டும் அதை விட்டுவிட்டார். வாய்வரை வரும், விழுங்கிக்கொள்வார், கத்தியால் ட்ரே விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார். நாங்களும் நகர்ந்துகொள்வோம். ஆனால் டிக்கெட் கேலியெல்லாம் போய்விட்டது. அது இல்லாமல் ஓட்ஸ் மறுபடியும் ஓட்ஸாகிவிட்டது.

வழி சொன்னவர் மேல்மாடி நர்ஸ். இரவுப் பணி முடிந்த களைப்போடு சாப்பிட்டுக்கொண்டே, "கொடுத்தனுப்பினா அது பக்கத்து வீடுதான்க்கா. சொந்தம்னா வேலை வாங்குங்க" என்றார்.

போன ஞாயிறு அக்கா முட்டைக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போனார். நான் படியில் நின்றிருந்தேன்.

"கை வலிக்குது. வந்து இதை அடி."

கதவு ஒரு விரல் அளவு திறந்தது. "எனக்குத் துணி துவைக்கிற வேலை இருக்கு."

கதவு சாத்திக்கொண்டது. அக்கா திரும்பி வந்து, முட்டையைத் தானே அடித்தார். அந்த முட்டைகள் என்ன பாவம் செய்தனவோ.

ட்ரே வெளியே வந்து, சூடு தணிந்து, வெட்டுகிற பதத்துக்கு வந்தபோது, ஈரத் தலையோடு தங்கை வந்தார். சேலையில் சோப்பு நுரை. கையில் கிண்ணம். யார் முகத்தையும் பார்க்காமல், நர்ஸுக்குப் பின்னால், எனக்கு முன்னால் வரிசையில் நின்றார். வாத்தியார் ஜன்னல் ஓரத்தையே மறந்துவிட்டார்.

நர்ஸ் வாங்கிக்கொண்டு விலகினார். இனி தங்கையின் முறை. அக்காவின் வாய் திறந்தது, மூடியது. ட்ரேயைத் தட்டக் கத்தியைத் தூக்கியவர், தட்டவும் இல்லை. தங்கை கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

அக்கா கிண்ணத்தை வாங்கினார். அதில் எதையும் வைக்கவில்லை. தங்கையின் கையைப் பிடித்து மேஜைக்கு உட்புறமாக இழுத்து, கத்தியை அந்தக் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்துவிட்டார். பிறகு மேஜையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் நின்றவர்களையும் தாண்டி, காலிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.