மிலிட்டரிக்காரர் கேட்ட பரேடு

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று எங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்த மிலிட்டரிக்காரர் கலந்துகொண்ட போர்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போயின. நாள், ஆண்டு சரிபார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. ஒரு போரை மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அது நடந்தபோது அவர் கோத்தகிரியில் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்க வேண்டும். அவரிடமே சொன்னேன்.

"ஏனுங்க, தேதிய நீங்க பாத்துக்கங்க. சண்டைய நான் பாத்துக்கறேன்" என்றார்.

பட்டாளத்தில் அவர் கடைசிவரை லாரிதான் ஓட்டினார் என்பதை அவர் மனைவி என்னிடம் சொல்லியிருந்தார். அந்த அக்காவுக்கு அதில் குறையொன்றும் இல்லை.

ஒரு நாள் கீழ் கோத்தகிரி சாலையில் காட்டெருமை ஒன்று பஸ்ஸை மறித்து நின்றது. எல்லோரும் உள்ளேயே ஒடுங்கியிருக்க, இவர் மட்டும் இறங்கிப்போய் "பீச்சே முட்!" என்று பட்டாளத்து இந்தியில் முழங்கினார். அது கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பி நடந்தது. "இதுக்கு இருக்கற டிசிப்ளின் நம்ம பஞ்சாயத்துல இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

மனைவியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் போனா ஒரு பரேடு வேணும். ஆளுக வரிசையா, நேரா நிக்கோணும்."

மார்கழிக் கடைசி ஞாயிறு. மதியம் சாப்பிட்டுவிட்டு வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அக்கா அழவில்லை. என்னைப் பார்த்து, "தம்பி, பரேடுக்குச் சொல்லீட்டீங்களா?" என்றார்.

முன்னாள் படைவீரர்களுக்குப் போன் போட்டேன். ஒருவர் கண் ஆபரேஷனுக்காகக் கோயமுத்தூரில் இருந்தார். இன்னொருவர் மகள் வீட்டில். காது மந்தமான பெரியவர் ஒருவர் மட்டும் காலையில் வருவதாகச் சொன்னார்.

"ஒத்தை ஆளு எப்படீங்க தம்பி வரிசையாவாரு?" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மறுநாள் விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் துக்கம் கேட்க எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். அக்கா அவளிடம், "காலைல இங்கதான் பரேடு, ஆளுதான் இல்ல" என்று புலம்பியிருக்கிறார். அவளுடைய குடும்பம் இலங்கையிலிருந்து திரும்பி வந்தது. காலையில் கொழுந்து பறிக்கப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் போடுவதற்கு அவர்கள் வழக்கில் 'பெரட்டு' என்று பெயர். 'பரேடு' என்ற சொல்தான் அங்கே போய் அப்படி உருமாறியிருந்தது. அவள் லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள்: "நாளைக்குப் பெரட்டு மிலிட்டரி ஐயா வாசல்லயாம். ஆள் பத்தாதாம்."

திங்கள் காலை அக்கா வீட்டுக் கதவைத் திறந்தால், இடுப்பில் பிளாஸ்டிக் தாளும் முதுகில் கூடையுமாகப் பெண்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். பின்னாலேயே சூப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அங்க ஒரு ஆளு இல்ல! இங்க என்னம்மா பண்றீங்க?"

"நீங்கதான் லேட்டு. சீக்கிரமா பேர் போடுங்க."

"எழவு ஊட்ல யாராச்சும் பேர் போடுவாங்களா?"

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்து சேர்ந்தார். பேச்சு எதுவும் அவர் காதில் விழவில்லை. வரிசை மட்டும் கண்ணில் பட்டது. எல்லாம் ஏற்பாடாகியிருக்கிறது என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்தி "சாவ்தான்!" என்று கத்தினார்.

அட்டென்ஷனுக்கான அந்த இந்திச் சொல் அங்கே யாருக்கும் தெரியாது. ஆனாலும் எல்லோரும் விறைத்துக்கொண்டார்கள், சூப்பர்வைசர் உட்பட. மிலிட்டரிக்காரரை வெளியே தூக்கி வந்தபோது ஒரு கூடைகூட அசையவில்லை. பின்வரிசையில் ஒருத்தி மட்டும், "இன்னிக்கு எந்த மலைக்குக் கொழுந்து?" என்று கிசுகிசுத்தாள்.

அக்கா வாசற்படியில் நின்று வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, கடைசில நிக்கறவங்க. கொஞ்சம் முன்னால வாங்க. கோணுது."

அந்தப் பெண் கூடையைச் சரிசெய்துகொண்டு அரையடி முன்னால் வந்து நின்றாள். அதற்கப்புறம்தான் அக்கா அழுதார்.