வெர்லின் இறுக்கிய நட்டு

ஷெபாய்கன் என்ற அமெரிக்க ஊரில் வெர்லின் ராடட்ஸ் மூடிய ஊறுகாய் பாட்டிலை வெர்லின் ராடட்ஸேதான் திறந்தாக வேண்டும். நகராட்சியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். எதில் கோளாறு என்றாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான், ஸ்பேனரை எடுத்து இறுக்குவது. புல் வெட்டும் இயந்திரம் உறுமினாலும் இறுக்குவார், நாற்காலி ஆடினாலும் இறுக்குவார். மனைவி டார்லீனின் மூக்குக் கண்ணாடியை ஒருமுறை இறுக்கப் போய் அது இரண்டு துண்டாகிக் கையோடு வந்தது.

இன்னொரு குணமும் உண்டு. இனாமாக வந்த எதையும் வீணாக்க மாட்டார். ரொட்டிப் பையைக் கட்டும் கம்பி, ஓட்டலில் தரும் கெட்சப் பொட்டலம் எல்லாம் கராஜில் காப்பி டப்பாக்களுக்குள் பத்திரமாக இருக்கும். அதே கராஜின் மூலையில் அவருடைய பெருமையும் நின்றது. பழைய ஃபிரிட்ஜ் ஒன்றின் கதவில் துளை போட்டு அவரே பொருத்திய பீர்க் குழாய். உள்ளே அவர் கையால் காய்ச்சிய பீர் இரண்டு பீப்பாய். அந்த பீரை நுரையோடு வெளியே தள்ளிவிட, பக்கத்தில் ஒரு கேஸ் சிலிண்டர், சோடாவில் அடைக்கும் அதே கேஸ்.

ஒரே மகள் கெல்சிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் சொன்னாள்: "விருந்துக்குக் கடை பீர் வாங்காதீங்கப்பா. உங்க பீர்தான் வேணும்."

மாப்பிள்ளைக்கு நாட்டின் மறுகோடியில், ஆரிகனில் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு அவளும் அங்கே போகிறாள். வெர்லின் நேரே கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஸ்பேனர் தேடியதாக வெளியே வந்து சொன்னார். கண் மட்டும் சிவந்திருந்தது.

அங்கிருந்துதான் சனி பிடித்தது. குளிர்காலம் முழுக்கத் தாங்கிய சிலிண்டர் வசந்தத்தில் ஒரு மாதத்தில் தீர்ந்தது. அடுத்தது ஒரே வாரம். குழாயைத் திறந்தால் பீர் ஆறிப்போன டீ மாதிரி நுரையில்லாமல் ஒழுகியது. கல்யாண வாரத்தில் கடைசி சிலிண்டரைக் கையில் கொடுத்த கேஸ் கடைக்காரர், வடக்கே ஏரிக்கரைக் குடிலுக்கு மீன் பிடிக்கக் கிளம்புவதாகச் சொல்லிக் கடையைப் பூட்டினார். இதுவும் போய்விட்டால் மகள் ஆசையாகக் கேட்ட ஒரே பொருளைச் சம்பந்திகள் முன்னால் சவசவவென்று ஊற்ற வேண்டியதுதான்.

வெர்லினின் சந்தேகம் பக்கத்து வீட்டு நார்ப் மேல் விழுந்தது. கராஜ் கதவின் ரகசிய எண் தெரிந்த ஒரே வெளியாள் அவன்தான்.

"நாம இல்லாத நேரம் பார்த்து வந்து குடிக்கிறான்" என்றார்.

"பீப்பாய் ரொம்பி அப்படியே இருக்கே" என்றாள் டார்லீன். "பீரைத் தொடாம கேஸை மட்டும் குடிச்சிட்டுப் போறானா நார்ப்?"

இருந்தாலும் வெர்லின் எண்ணை மாற்றிவிட்டார்.

பிறகு கசிவு தேடச் சோப்புத் தண்ணீர் பாட்டிலோடு ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டார். பீப்பாய் மூடியில் தெளித்தார், குமிழி இல்லை. கேஸ் போகும் குழாயின் கவ்விகளில் தெளித்தார், அங்கும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் இன்னொரு சுற்று இறுக்கினார். டார்லீன் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வெளியே சிலிண்டர் பக்கம் போனாள்.

"அங்க எதுக்கு? ரெகுலேட்டர் நட்டு நானே கைபட இறுக்கினது. யானை வந்தாலும் அசையாது."

"அதனாலதான் அங்க பாக்கறேன்."

தெளித்த மாத்திரத்தில் நட்டைச் சுற்றி நுரை கொழகொழவென்று பொங்கியது. வெர்லின் ஸ்பேனரைத் தூக்கினார்.

"தொட்டே, கையை ஒடிச்சிடுவேன். வால்வை மூடு. கழட்டு."

கழற்றுவது அந்த மனிதருக்குப் பழக்கமில்லாத வேலை. முகத்தைச் சுளித்துக்கொண்டே கழற்றினார். நட்டுக்குள்ளிருந்து ஒன்றல்ல, நான்கு வாஷர்கள் நசுங்கி ஒட்டிக்கொண்டு விழுந்தன. ஒவ்வொரு சிலிண்டருக்கும் கடைக்காரர் ஒரு புது வாஷர் இனாமாகத் தருவார். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடத்தான் தருவார். வெர்லினோ பழையதன் மேலேயே புதியதை வைத்து இறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கோணல்மாணலாக அடுக்கிய வாஷர்கள் ஒன்றோடொன்று வழுக்கி, இறுக்க இறுக்கக் கேஸுக்கு வழி விட்டிருக்கின்றன.

"ஒண்ணே நல்லாப் புடிச்சுதேன்னு..." என்று இழுத்தார்.

"நாலு சட்டையை ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கு வருவியா?"

இருந்ததில் அதிகம் நசுங்காத ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போட்டு, அளவாக முடுக்கி, மறுபடி தெளித்தார்கள். ஒரு குமிழியும் வரவில்லை. ரெகுலேட்டர் மீட்டரின் முள்ளை நம்ப முடியாது, காலியாகப் போகிற கடைசி நேரத்தில்தான் அது விழும். அதனால் வெர்லின் குளியலறை எடை மெஷினைக் கொண்டுவந்து சிலிண்டரை அதன்மேல் ஏற்றினார். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பயந்திருந்தார் என்பது டார்லீனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கல்யாணத்தன்று காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் நார்ப் ஐஸ் மூட்டைகளோடு நின்றான்.

"கராஜுல வைக்கலாம்னு பாத்தா கதவு திறக்க மாட்டேங்குது, வெர்லின்."

வெர்லின் முதல் கிளாஸை ஊற்றி எடுத்துக்கொண்டு போய் அவனிடம் நீட்டினார். மேலே விரல் தடிமனுக்கு வெள்ளை நுரை நின்றது.

"உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன், நார்ப். தப்பு என்மேலதான்."

"தெரியும். ஒரு வாரமா என் நாய்கிட்டகூட நீ பேசல." நார்ப் குடித்துவிட்டு உதட்டு நுரையைத் துடைத்தான். "இந்த பீருக்கு மன்னிக்கலாம். புது நம்பரைச் சொல்லு."

சாயங்காலம் கொல்லைப்புறத்தில் பிராட்வர்ஸ்ட் சாசேஜ் சுடும் புகை பரவ, அக்கார்டியன்காரர் மெதுவான பாட்டு ஒன்றைப் பிடித்தார். அந்த ஊர்க் கல்யாணங்களில் அப்பாவும் பெண்ணும் ஆடும் பாட்டு. கெல்சியின் கையில் அப்பாவின் பீர். ஒரு வாய் குடித்தாள், "நல்லா இருக்குப்பா" என்றாள், கிளாஸை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஆட வந்தாள். வெர்லின் மகளைப் பிடித்தார். நாளைக்கு இந்நேரம் இந்தப் பெண் ஆரிகனில் இருப்பாள் என்ற நினைப்பு வந்தது. பிடி இறுகியது. கால் நின்றுவிட்டது.

"அப்பா, மூச்சு முட்டுது."

அவர் விடவில்லை. மேஜையருகே நின்ற டார்லீன் குரல் கொடுத்தாள்.

"வெர்லின். கொஞ்சம் தளர்த்து."

கூட்டம் சிரித்தது, நார்ப் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். வெர்லின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கைகளைத் தளர்த்தினார். கெல்சி விலகிப் போகவில்லை. அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு பாட்டு முடியும்வரை ஆடினாள்.