கீரிமலைக்குப் போகாத சாம்பல்

கீரிமலையின் வரலாற்றைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாழ்ப்பாணத்தின் வடகரையில், கடலுக்கு ஒரு மதில் தள்ளி, நன்னீர் ஊறும் கேணி. கீரி முகத்தோடு வந்த முனிவருக்கு அதில் முழுகித்தான் மனித முகம் கிடைத்ததாம். குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசியும் அங்கேதான் அழகியானாள். பிறகு தோல் வியாதிக்காரர், மூட்டு நோவுக்காரர் எல்லாம் வந்து மடங்களில் தங்கி நாள்தோறும் முழுகினார்கள். போர்த்துக்கேயர் கேணிக்குப் பக்கத்திலிருந்த சிவன் கோயிலை இடித்தார்கள். ஊரார் பின்னர் கட்டினார்கள். போர்க்காலத்தில் இராணுவம் வேலி போட்டதால் பல வருடங்கள் அங்கே யாரும் போக முடியவில்லை.

இத்தனையும் நான் படித்தது பக்தியால் அல்ல, ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான்.

அப்பா மொன்றியலில் இறந்தார். சாம்பலைக் கீரிமலைக் கடலில் கரைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அவருடைய கடைசி ஆசையும் அதுதான். மைத்துனரின் கல்யாணத்துக்கு நான் யாழ்ப்பாணம் போகவிருந்ததால், சாம்பல் செம்பை அம்மா என்னிடம் தந்தார்.

புறப்படுவதற்கு முதல் நாள் பெட்டியை நிறுத்துப் பார்த்தேன். நிறை கூடிவிட்டது. உள்ளே சொக்கலேட், விற்றமின் குளிசை, வாசனைப் போத்தல்கள். வெறுங்கையோடு போனால் சொந்தக்காரர் என்ன சொல்வார்கள்? ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. அப்பாவை எடுத்தேன்.

மொன்றியலிலேயே இருக்கும் லசீன் கரைக்குக் காரை ஓட்டிப்போய்ச் சென் லோறன்ஸ் ஆற்றில் கரைத்தேன். எல்லா ஆறும் கடலுக்குத்தானே போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கங்கெட்ட சமாதானம். யாழ்ப்பாணத்தில் கல்யாண வீட்டிலிருந்து கீரிமலை அரை மணி நேரப் பயணம். அங்கே போய் நிற்கவும் எனக்கு முகமில்லை.

"கரைச்சுப்போட்டியோ தம்பி?" என்று அம்மா போனில் கேட்டார்.

"ஓம் அம்மா."

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். நான் ஒன்பதை எப்போதோ தாண்டிவிட்டேன். தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருக்கும் ஆடி அமாவாசைக்கு, பார்க் எக்ஸ்டென்ஷனில் அம்மாவின் வீட்டில்தான் சாப்பாடு. ஒவ்வொரு வருடமும் ஏதாவது கேட்பார். "பொம்பிளையளின்ர கேணி இப்ப எப்பிடிக் கிடக்கு? மடங்கள் இருக்கோ?" புத்தகத்தில் படித்ததையும் யூடியூப்பில் பார்த்ததையும் கண்ணால் கண்டதுபோல் சொல்வேன். அவர் கண் கலங்கிச் சிரிப்பார்.

இந்த வருடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இலையில் பாயசத்தை ஊற்றிவிட்டுச் சொன்னார்:

"நான் போனாப்பிறகு என்னையும் அங்கதான் கரைக்கவேணும் தம்பி. அந்த மனுசன் இவ்வளவு காலமும் தனியக் கிடக்குது."

தலையை ஆட்டினேன். கீரிமலைக்குக் கொண்டுபோனால் அங்கே அப்பா இல்லை. அப்பாவிடம் கொண்டுபோவதென்றால், அம்மாவையும் லசீனில்தான் கரைக்க வேண்டும்.