இரண்டு பக்கமும் தெய்வத்திரு

டெலானிபூரில், என்னோடு வேலை செய்பவர் வீட்டில் சூப்பர்ஹீரோ படம் பார்த்தோம். நாயகன், வில்லன் இருவருமே பெற்றோரை இழந்தவர்கள்.

"ரெண்டு பேரும் அனாதையா? பில்குல் ஜூட், பாய், சுத்தப் பொய். ஒரே கதைய ரெண்டு தடவ அடிச்சிருக்கான்" என்று அவர் சிரித்தார். பக்கத்திலிருந்த என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எங்கே தப்பாகிவிடுமோ என்று எதையும் பேசாதவன். அன்று பேசினேன்.

"எங்க கல்யாணப் பத்திரிகையில அச்சுக்காரரும் இப்படித்தான் நெனச்சாரு. ரெண்டு பக்கமும் அப்பா அம்மாவுக்குத் தெய்வத்திருன்னு இருக்கவும், தப்புன்னு பொண்ணு பக்கம் எடுத்துட்டாரு. மறுபடி போடவச்சேன்."

கேம்பல் பே என்ற தீவூரில் சுனாமிக்குப் பிறகு நானும் என் மனைவியும் வளர்ந்தது ஒரே நிவாரணத் தகரக் கொட்டகையில். அங்கே அம்மா உள்ள பிள்ளையைத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்போம்.

"ஹீரோ பறக்குறத வேணா பொய்யின்னு சொல்லுங்க பாய்" என்றேன்.