வாரேன் என்று சொன்ன பேக்கப் டிரைவ்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று முதன்முதலில் போர்டு மாட்டியவர்களில் நானும் ஒருவன். வயர் எங்கே போகிறது, கரண்ட் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்தே பிழைத்தவனுக்கு ஆவியை நம்ப நேரம் ஏது? இப்போது சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும்தான் நம்பமாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம், அதுவும் பட்டப்பகலில், மூன்று பேருக்கும் காது நன்றாகத்தான் கேட்டது.

தொண்ணூறுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சண்முகம் அண்ணாச்சி ஒரு அச்சகம் வைத்திருந்தார். அங்கே டிடிபி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் தயார் செய்துகொண்டிருந்தவன் டேனியல். வத்திராயிருப்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவான். எனக்கு உயிர் சிநேகிதன், சரியான குறும்புக்காரன்.

அந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் செங்கல் அளவில் ஒரு பெட்டி இருக்கும், அதுதான் பேக்கப் டிரைவ். காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் அந்த டிரைவின் படம் திரையின் வலது ஓரத்தில் தானாக வந்து உட்கார வேண்டும், அதற்கு மவுண்ட் ஆவது என்று பேர். சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்தப் படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டிப் படத்தில் விட்டால் டிரைவ் கழன்றுகொள்ளும். டேனியல் சும்மா இருப்பானா? மைக்கை எடுத்து, மவுண்ட் ஆகும்போது ‘வந்துட்டேன்’ என்றும் கழலும்போது ‘வாரேன்’ என்றும் தன் குரலிலேயே பதிந்து வைத்தான். காலையும் மாலையும் அந்தப் பெட்டி பேசும், பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

“போறேன்னு வச்சா என்னலே?” என்று ஒருநாள் சீண்டினேன்.

“கிளம்புற வாயால போறேன்னு சொல்லுவாகளாலே? பெட்டிக்கு ஏதாச்சும் ஆயிட்டா நீயா பொறுப்பு?” என்றான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், சகுனம் பார்க்காதவன், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் ஆச்சாரம் அப்படி. போறேன் என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

அப்படிப்பட்டவனை மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. கைப்பிள்ளையோடு வாசலில் நின்ற மனைவி ஜெபாவிடம் “வாரேன்” என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினான், திரும்பி வரவில்லை.

அவன் போகும்போது ஒரு வேலை பாதியில் நின்றது. அவர்கள் ஊர்ச் சபையில் தலைமுறையாக வாயாலேயே பாடிவந்த பாட்டுகளை ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு, வேலை போக மிச்ச நேரத்தில் ஒரு புத்தகமாக்கிக்கொண்டிருந்தான். சபையார் எல்லோரும் கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்கு அதை வெளியிடுவதாகச் சபையில் சொல்லியிருந்தார்கள். அவனிடமே வேலை கற்றிருந்த ஜெபா, மிச்சத்தை நான் முடிக்கிறேன் என்று அச்சகத்துக்கு வரத் தொடங்கினாள். “ஊர்ல உள்ளவுக பேரையெல்லாம் அவியதான் அடிச்சுக் கொடுத்தாவ. அவிய பேரு அச்சுல வரப்போறது இந்த ஒரு புஸ்தகத்துலதாண்ணே,” என்று என்னிடம் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. நான் பதறவில்லை, அதுக்குத்தானே பேக்கப் என்று தைரியம் சொன்னேன். புது டிஸ்க் போட்டு, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றி ஆன் செய்தால் பேக்கப் டிரைவ் மவுண்ட் ஆகவில்லை.

பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், விஷயம் புரிந்துவிட்டது. கொஞ்சநாள் முன்னால்தான் ஆயுத பூஜை முடிந்திருந்தது. அண்ணாச்சியின் வீட்டம்மா கட்டிங் மெஷினிலிருந்து காலிங் பெல் வரைக்கும் எதையும் விடாமல் சந்தனம் அப்பியிருந்தார்கள், டிரைவில் கேபிள் சொருகுகிற இடத்தில் அது காய்ந்து கெட்டியாக இருந்தது. எனக்கு ஒரே சிரிப்பு. பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, “இப்ப பாருங்க அண்ணாச்சி, ஓடிவரும்” என்று ஆன் செய்தேன். வரவில்லை. கேபிளை மாற்றினேன், வேறு கம்ப்யூட்டரில் சொருகினேன், பெட்டியிலேயே காதை வைத்துக் கேட்டேன். உள்ளே தட்டு சுற்றுகிற சத்தமே இல்லை. அடுத்த தடவை வந்து பார்த்தபோதும் அதே கதைதான். முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத நான், அண்ணாச்சியிடம் உதட்டைப் பிதுக்கினேன்.

“அந்தப் பிள்ளைட்ட நீரே சொல்லிரும் தம்பி, என்னால ஏலாது,” என்றார் அவர்.

மத்தியானம் ஜெபா வந்தாள். சொன்னேன். அவள் அழவில்லை. போய் டேனியலின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் ஆனில்தான் இருந்தது, பெட்டியும் அதில் சொருகியபடியே இருந்தது, கீபோர்டையோ மவுசையோ யாரும் தொடவில்லை. அந்தப் பெட்டியின் மேல் கையை வைத்து, ரொம்பச் சாதாரணமாக, “வாரேன்னு சொல்லிட்டுத்தான போனீய?” என்று கேட்டாள்.

பெட்டிக்குள் தட்டு சுற்ற ஆரம்பித்தது. திரையின் வலது ஓரத்தில் டிரைவின் படம் வந்து உட்கார்ந்தது. கூடவே ஸ்பீக்கரில் டேனியல், “வந்துட்டேன்” என்றான்.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும், நானே என்னைக் கேட்டுக்கொண்டதுதான். அவன் குரல் பதிந்திருந்தது செத்துப்போன பழைய டிஸ்க்கில், அது என் பைக்குள் கிடந்தது. அந்தச் சத்தத்தைப் போடுகிற புரோகிராமைப் புது டிஸ்க்கில் நான் ஏற்றவே இல்லை. அண்ணாச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், எனக்கும் பயம்தான், வெட்கப்படாமல் சொல்கிறேன். ஆனால் தொழில் தொழில்தான், முதல் வேலையாக எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்குக் காப்பி செய்தேன். பாட்டுப் புத்தகம் ஒரு பக்கம் குறையாமல் வந்தது. ஜெபா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சிருச்சாண்ணே? அப்ப எடுத்துருங்க,” என்றாள். “வாரேன்னு சொல்லுவாவல்ல, இன்னொருக்கா கேட்டுக்கிடுதேன்.”

படத்தை இழுத்துக் குப்பைத்தொட்டியில் விட்டேன்.

“போறேன்” என்றது ஸ்பீக்கர்.

அதே குரல்தான். அவசரமில்லாமல், பக்கத்தில் நின்று சொல்கிற மாதிரி. நான் ஜெபாவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துத் தலையாட்டினாள். “சரி” என்றாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், அவன் இறந்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த டிரைவ் ஓடவில்லை. மதுரையில் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திறந்து பார்த்தேன், தட்டு ஒட்டிப்போய்க் கிடக்கிறது, இது நின்று மாசக்கணக்காகியிருக்கும், இதிலிருந்தா காப்பி எடுத்தாய் என்று என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார். புத்தகம் அசனப் பண்டிகைக்கு வந்துவிட்டது, முதல் பக்கத்தில் டேனியல் பேர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஜெபா அந்த நாற்காலியிலேயே வேலையைத் தொடர்ந்தாள். அன்று நடந்ததைப் பற்றி அவள் பேசியதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை.

இப்போதும் நான் ஆவியை நம்புகிறவன் இல்லை. ஆனால் வீட்டிலிருந்து கிளம்பும்போது மட்டும் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிடுகிறேன். ஒரு வாரேன் சொல்லிட்டுப் போனா என்ன, வாய்ல இருந்து முத்தா உதிர்ந்துரும் என்று என் மனைவி இத்தனை வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறாள். போறேன் என்று சொல்ல எனக்குப் பயமில்லை. வாரேன் என்று சொல்லத்தான் பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டால், எப்படியாவது வந்துதான் ஆகவேண்டும்.